ரோலர் கோஸ்டரில் எந்த வரிசையில் அமர்ந்தால் பயம் குறையும்? மதுரையிலிருந்து முதன்முறை செல்கிறோம்

வில்லாபுரம்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை முடித்துவிட்டாள். தேர்வு முடிந்ததும் ரோலர் கோஸ்டருக்கு அழைத்துச் செல்வதாகத் தை மாதமே வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவள் அதை மறப்பதாக இல்லை. பரவை அதிசயம் பூங்காவில் நீர்ச்சறுக்குகளில் இறங்கியதும், சித்திரைப் பொருட்காட்சியில் ராட்சத ராட்டினம் சுற்றியதும்தான் எங்கள் குடும்பத்தின் மொத்த முன்அனுபவம். இப்போது அவள் கேட்பது சென்னைக்கு அருகே திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவில் உள்ள 'தஞ்சோரா' என்ற கோஸ்டர். தண்டவாளம் தலைக்கு மேலே இருக்க, கால்கள் அந்தரத்தில் தொங்க, மனிதர்களைத் தலைகீழாகப் புரட்டும் வகை அது என்பதை அவள்தான் கைப்பேசியில் எனக்குக் காட்டினாள்.

எனக்கு வயது 47. இரத்த அழுத்தம், இதயம், கழுத்து, முதுகு எதிலும் குறையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பயம் மட்டும் இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. கல்லூரிக் காலத்தில் ஒரு பொருட்காட்சியில் (எந்த ஊர் என்பது வேண்டாம்) ராட்டினத்தின் உச்சிப் பெட்டியில் நான் இருந்தபோது மின்சாரம் நின்றுவிட்டது. கீழே ஒருவர் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இருபது நிமிடங்களும் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு பொருளைத்தான்: பெட்டியைத் தாங்கிய போல்ட்டின் நுனியில், நட்டு இருக்க வேண்டிய இடத்தில், துருப்பிடித்த கட்டுக்கம்பி நான்கு சுற்றுச் சுற்றி முறுக்கப்பட்டிருந்தது. அந்தக் கம்பி இன்றும் கனவில் வருகிறது.

ஆகவே அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். முன்வரிசை, நடுவரிசை, கடைசி வரிசை ஆகியவற்றில் எது அச்சம் குறைந்தது? பாதி வழியில் மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? என் மனைவிக்குப் போடிமெட்டு மலைப்பாதையின் நான்காவது கொண்டை ஊசி வளைவிலேயே எலுமிச்சம்பழம் தேவைப்படும். அவர் இதில் ஏறலாமா, அல்லது கீழே பைகளைப் பார்த்துக்கொள்ளலாமா?

திருநகர் வாத்தியார்:

நண்பருக்கு வணக்கம். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவன் நான். மாணவர்களைக் கொச்சிக்கு இருமுறையும் பெங்களூருக்கு ஒருமுறையும் இதற்காகவே அழைத்துச் சென்றிருக்கிறேன். உங்கள் கேள்விகளில் வரிசையைப் பற்றியதற்கு மட்டும் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனெனில் அதில் கணக்கு இருக்கிறது.

இந்த வண்டிக்கு எஞ்சின் கிடையாது. பெரும்பாலான கோஸ்டர்களில் ஒரு சங்கிலி வண்டியை உச்சிக்கு இழுத்துவிடும். அதன்பின் நடப்பதெல்லாம் புவியீர்ப்பின் வேலை. 30 மீட்டர் உயரத்திலிருந்து உராய்வே இல்லாமல் இறங்கினால் அடிவாரத்தில் வேகம் மணிக்கு சுமார் 87 கிலோமீட்டர் இருக்கும். அந்தக் கணக்கில் எடைக்கு இடமில்லை என்பதால் 'நான் கனமானவன், எனக்கு வேகம் கூடும்' என்று எவரும் தனியாகக் கவலைப்பட வேண்டியதில்லை. உராய்வைச் சேர்த்துக்கொண்டால், ஆள் நிறைந்த வண்டி காலி வண்டியைவிடச் சற்று விரைவாக ஓடும். சக்கரங்கள் சூடேறிய பிற்பகலில் அதே வண்டி காலையைவிடச் சற்று விரைவாக ஓடும். பயப்படுகிறவர்கள் காலையிலேயே ஏறிவிடுவது நல்லது என்று நான் மாணவர்களிடம் சொல்வதற்கு இது பாதிக் காரணம். மீதிப் பாதி, பிற்பகல் வரிசையின் நீளம்.

இனி வரிசைக்கு வருவோம். பெட்டிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதால், எந்த நொடியிலும் முதல் பெட்டிக்கும் கடைசிப் பெட்டிக்கும் வேகம் ஒன்றேதான். ஆனால் அந்த நொடியில் ஒவ்வொரு பெட்டியும் இருக்கும் இடம் வேறு. முதல் பெட்டி முகட்டைத் தாண்டிக் கீழ்நோக்கிச் சாயும்போது மற்றவை இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே அது அவசரமில்லாமல், பள்ளத்தை நமக்கு நன்றாகக் காட்டியபடி தொங்கும். கடைசிப் பெட்டி அதே முகட்டுக்கு வரும்போதோ வண்டியின் பெரும்பகுதி கீழே பாய்ந்துகொண்டிருக்கும், அதனால் அது முகட்டின் மேல் இழுத்து வீசப்படும், நம் உடல் இருக்கையிலிருந்து எழும்பப் பார்க்கும். 'வயிறு மேலே வந்துவிட்டது' என்று எல்லோரும் சொல்லும் உணர்வு கடைசி வரிசையில்தான் உச்சம். நடுவரிசை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது; பள்ளத்தின் அடியில் மட்டும் வண்டி அதிக வேகத்தில் இருக்கும் கணம் நடுப்பெட்டிகளுக்கு வாய்ப்பதால், கீழ்நோக்கி அழுத்தும் விசை அங்கே சற்றுக் கூடும். அழுத்துவதை மனிதர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். அந்தரத்தில் விடுவதைத்தான் பொறுப்பதில்லை. ஆகவே முதல் பயணத்துக்கு என் பரிந்துரை நடுவரிசை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. நெதர்லாந்தின் வேகோமா நிறுவனம் 1984 முதல் உலகெங்கும் விற்றுவரும் 'பூமராங்' வகையில், வண்டி பின்னோக்கி ஒரு கோபுரத்தில் இழுக்கப்பட்டு விடுவிக்கப்படும். மூன்று முறை தலைகீழாகி எதிர்க்கோபுரத்தில் ஏறி, அங்கிருந்து அதே பாதையில் பின்புறமாகவே திரும்பி, மீண்டும் மூன்று முறை தலைகீழாகும். முதல் கோபுரத்தில் கடைசிப் பெட்டி உயரத்தில் இருக்கும், எதிர்க்கோபுரத்தில் முதல் பெட்டி. அதில் எந்த இருக்கையிலும் தப்பிக்க வழியில்லை.

தலைகீழாகும்போது விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் வேண்டாம். ஒரு சொம்பில் தண்ணீர் நிரப்பிக் கயிறு கட்டித் தலைக்கு மேல் வேகமாகச் சுழற்றினால் தண்ணீர் சிந்தாதது போல, வளையத்தின் உச்சியில் நீங்களும் இருக்கையோடு ஒட்டியே இருப்பீர்கள். அந்த வளையம் முழு வட்டமாக இருக்காது என்பதைக் கவனியுங்கள்; தலைகீழாய்ப் பிடித்த நீர்த்துளி போல இருக்கும், வளைவு மேலே இறுகியும் கீழே தளர்ந்தும் போகும். 1895-இல் நியூயார்க்கின் கோனி தீவில் முழு வட்டமாக ஒன்றைக் கட்டினார்கள். வட்டத்துக்குள் நுழையும் இடத்தில் திடீரென்று விழுந்த அழுத்தம் பயணிகளின் கழுத்தைப் பதம் பார்த்தது. 1976-இல் ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல், கலிஃபோர்னியாவில் வளைவு சிறிது சிறிதாக இறுகும் வடிவத்தைக் கொண்டுவந்த பிறகுதான் வளையம் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. என் வகுப்பில் இதை வரையச் சொன்னால் முதல் பெஞ்சு மாணவர்கள் காம்பஸை எடுப்பார்கள். அதற்காகவே கேட்பேன்.

செல்லூர் அம்மா:

வாத்தியார் ஐயா சொன்ன கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் சகோதரர் கேட்டது பயத்தைப் பற்றி.

நானும் உங்கள் மனைவியின் இனத்தைச் சேர்ந்தவள்தான். கொடைக்கானல் பேருந்தில் பெருமாள்மலை வருவதற்குள் என் முகம் வெளுத்துவிடும். என் மகனோடு ஏறிய முதல் தடவை, எல்லோரும் சொன்னார்கள் என்று நடுவரிசையில் அமர்ந்தேன். எனக்கு முன்னால் தெரிந்ததெல்லாம் இருக்கைகளின் முதுகுகள்தாம். எப்போது விழப்போகிறோம், எந்தப் பக்கம் திரும்பப்போகிறோம் என்று எதுவும் தெரியாமல், கண்ணைக் கட்டிக் கிணற்றில் இறக்கிய மாதிரி இருந்தது. மகன் கெஞ்சியதால் இரண்டாவது முறை முன்வரிசையில் அமர்ந்தேன். பள்ளம் தெரிந்தது, வளைவு தெரிந்தது, கழுத்து தானாகவே தயாரானது, பயம் பாதியாகிவிட்டது. மலைப்பாதையில் ஓட்டுநருக்கு அருகே அமர்ந்தால் குமட்டல் குறைவதை உங்கள் மனைவி அறிந்திருப்பார். இதுவும் அதே கதைதான். மேலும் கோஸ்டர் இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். மலைப்பாதைக்காரர்களை உண்மையில் வீழ்த்துவது, ஒரே இடத்தில் நின்று கிறுகிறுவென்று சுற்றும் ராட்டினங்கள்தாம். அவற்றை அவர் அன்று முழுவதும் தவிர்க்கட்டும்.

பெண்களுக்குச் சில செய்திகளை ஆண்கள் சொல்லமாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன். தோளின் மேல் இறங்கும் சட்டம் காதுக்கு இருபுறமும் வரும். வளைவுகளில் காது அதில் மோதும். நான் ஜிமிக்கியோடு ஏறினேன். இறங்கியபோது இடதுகாதின் மடல் சிவந்து, ஜிமிக்கியின் அடிமுத்துகளில் இரண்டு காணாமல் போயிருந்தன. வீட்டிலேயே கழற்றிவைத்துவிட்டு, சிறிய தோடு போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள், மகளுக்கும் அப்படியே. தாலிக்கொடியை உடைக்குள் விட்டு ஊக்குக் குத்திக்கொள்ள வேண்டும். புடவை சரிப்படாது, சுடிதார் என்றால் துப்பட்டாவைக் கழற்றித்தான் ஏற வேண்டும். மல்லிகைச் சரமும் வேண்டாம், ஏனென்றால் பூ போவதைப் பற்றிக் கவலையில்லை, அதைச் செருகிய ஹேர்பின் பின்வரிசையில் இருப்பவரின் முகத்துக்குப் போகும். கண்ணாடி அணிபவர்கள் அதைத் தலைக்குப் பின்னால் கட்டும் நாடாவை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது கழற்றிக் கொடுத்துவிடுங்கள். கால் தொங்கும் வகை என்கிறீர்கள், செருப்பு நிற்காது.

காலையில் இரண்டு இட்லி போதும். வெறும் வயிற்றோடு ஏறினாலும் குமட்டும், முதல்நாள் இரவு கறிதோசையும் கொத்துப் பரோட்டாவும் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறினாலும் குமட்டும். உலர்ந்த விளையாட்டுகளை முதலில் முடித்துவிட்டு, தண்ணீர் விளையாட்டுகளைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈர உடையோடு கோஸ்டர் வரிசையில் நிற்பது தண்டனை.

ஓய்வுபெற்ற ஃபிட்டர்:

நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். வில்லாபுரம் தம்பியின் கட்டுக்கம்பிக்குப் பதில் சொல்லவே வந்தேன். நட்டைப் பூட்டுவதற்குக் கம்பி முறுக்குவதும், நட்டுக்குக் குறுக்கே பின் செருகுவதும் முறையான வேலைதான். அதிர்வில் நட்டு கழன்று வராமல் இருக்க நாங்களும் அதைச் செய்வோம். நட்டே இல்லாமல் கம்பியை மட்டும் சுற்றுவது குற்றம். நீங்கள் பயந்தது சரி. அந்த ராட்டினம் ஊர் ஊராகப் பிரித்துப் பூட்டப்படுவது. ஒவ்வொரு முறையும் ஒரு போல்ட்டாவது தொலையும். கோஸ்டர் ஓரிடத்தில் காங்கிரீட்டில் ஊன்றி நிற்பது; தினமும் காலையில் ஆளில்லாமல் ஓட்டிப் பார்த்த பிறகே ஆளை ஏற்றுவார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

வண்டி தண்டவாளத்தை விட்டு எழும்பாதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனத்தில் இருக்கும். ஒவ்வொரு சக்கரக் கூட்டிலும் மூன்று விதச் சக்கரங்கள் இருக்கின்றன: எடையைத் தாங்கி ஓடுவது ஒன்று, பக்கவாட்டில் அணைத்து ஓடுவது ஒன்று, தண்டவாளத்துக்கு மறுபுறம் ஒட்டி நின்று வண்டியைப் பிரியவிடாமல் பிடிப்பது ஒன்று. ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. சுருக்கமாகச் சொன்னால், வண்டி தண்டவாளத்தின் மேல் வைக்கப்பட்டதாக இல்லாமல், அதைக் கவ்விக்கொண்டிருப்பதாக இருக்கிறது.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு, நம் ஊர்த் தேரைப் பாருங்கள். சித்திரைத் தேர் மாசி வீதிகளில் வரும்போது வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் என்றாலும், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள்தாம் தேரின் உயிர். கோஸ்டர் ஏறும்போது 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம் வருமே, அதுதான் முட்டுக்கட்டை. ஏற்றத்தில் வரிசையாகப் பற்கள் பதித்திருப்பார்கள். வண்டிக்கு அடியில் உள்ள கொக்கி ஒவ்வொரு பல்லையும் தாண்டித் தாண்டி விழும். சங்கிலி நின்றாலும் அறுந்தாலும் கொக்கி கடைசியாகத் தாண்டிய பல்லில் மாட்டிக்கொள்ளும், வண்டி ஒரு சாண் கூடப் பின்னால் போகாது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பலர் பயப்படுகிறார்கள். நான் ஏறினால் அது நின்றுவிட்டதா என்றுதான் கவலைப்படுவேன். புதிய வண்டிகள் சிலவற்றில் சத்தம் வராத ஏற்பாடு வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

சரிவில் இறங்கத் தொடங்கிய வண்டிக்கு மின்சாரமே தேவையில்லை. அது பாட்டுக்கு ஓடிவரும். முடிவில் இருக்கும் பிரேக், காற்றழுத்தத்தால் திறந்து, அழுத்தம் போனால் தானே மூடிக்கொள்ளும் வகையாக இருக்கும். அல்லது நிலைக்காந்தங்களுக்கு இடையே செம்பு, அலுமினியத் தகடு நுழையும்போது தானே வேகம் குறையும் வகையாக இருக்கும். இரண்டாவதற்கு ஸ்விட்சே கிடையாது, எனவே அது மறந்துபோக வழியில்லை. பாதையையும் ரயில்வேயைப் போலப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டிக்கு மேல் நுழையாதபடி பூட்டி வைப்பார்கள். ஏதேனும் ஒரு சென்சார் சந்தேகப்பட்டால் வண்டியை ஏற்றத்திலேயே நிறுத்திவிடுவார்கள். அப்படி நின்றால் 'பழுதாகிவிட்டது' என்று கத்த வேண்டாம். ஏற்றத்தின் ஓரமாகப் படிக்கட்டு இருக்கும், ஆட்கள் வந்து இறக்கிவிடுவார்கள்.

ஒரு வேண்டுகோள். மாட்டிவிடும் பையன் தோள்சட்டத்தை அழுத்திப் பார்த்துவிட்டுப் போன பிறகு, நீங்களும் ஒருமுறை மேலே தள்ளிப் பாருங்கள். அவனை நம்பாததால் இல்லை. உங்கள் கைக்குத் தெரிந்துவிட்டால் மனம் அடங்கும்.

அண்ணாநகர் 2008:

அண்ணன், நான் கல்லூரி மாணவன், தஞ்சோராவில் ஏறியிருக்கிறேன். ஸ்விட்சர்லாந்தின் பொலிகர் அண்டு மாபிலார்டு செய்த வண்டி அது. கால் தொங்கும் வகையையே 1992-இல் முதலில் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தாம். வரிசைக்கு நான்கு பேர் என்பதால் குடும்பமாக மூவரும் ஒரே வரிசையில் அமரலாம். தோள்சட்டத்தை இருக்கையோடு இணைக்கும் தனிப் பட்டையும் உண்டு. அம்மா சொன்ன முன்வரிசைக்கு என் வாக்கு. அந்த வகையில் தண்டவாளம் மேலே போய்விடுவதால் முன்வரிசையில் கண்ணுக்கு முன்னால் எதுவுமே இருக்காது. தலையைப் பின்னால் நன்றாகச் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள், காது மோதாது. பள்ளத்தில் கண் இருட்டுவது போல இருந்தால் தொடையையும் வயிற்றையும் இறுக்கிக்கொண்டு மூச்சை விட்டு விட்டு இழுங்கள்.

மதுரையிலிருந்து வருகிறவர்கள் எழும்பூர் வரை போய்த் திரும்பி வர வேண்டாம். பாண்டியன் விரைவு ரயில் விடியற்காலையில் செங்கல்பட்டில் நிற்கும். அங்கிருந்து திருப்போரூர் பக்கம்தான். பூங்கா திறக்கும் வரை நேரம் இருக்கும் என்பதால் நாங்கள் திருப்போரூர் கந்தசாமி கோயிலுக்குப் போய்விட்டுச் சென்றோம்.

வில்லாபுரம்வாசி (பத்து நாள்களுக்குப் பின்):

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. சென்ற வாரம் போய்வந்தோம். செங்கல்பட்டில் இறங்கியது நல்ல யோசனை. கந்தசாமி கோயிலில் என் மனைவி எதற்காக அவ்வளவு நேரம் கண்மூடி நின்றார் என்று நான் கேட்கவில்லை.

வாத்தியார் சொன்ன நடுவரிசையிலேயே முதலில் ஏறினோம். மகள் இடப்பக்கம், மனைவி வலப்பக்கம். ஃபிட்டர் ஐயா சொன்னபடி தோள்சட்டத்தை மேலே தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. நான் தள்ளுவதைப் பார்த்து மனைவியும் தள்ளினார், அவருக்கு அடுத்து அமர்ந்திருந்த முன்பின் தெரியாத இளைஞரும் தள்ளினார். ஏறும்போது என் பாதங்களுக்கு அடியில் நடைபாதை விலகி, வேப்பமரம் போன்ற ஒன்றின் உச்சி தெரிந்து, அதுவும் சிறுத்துப் போனது. உச்சியில் ஒரு நொடி காற்றின் சத்தம் மட்டும் இருந்தது. அதன்பின் நடந்தவற்றை வரிசையாகச் சொல்ல என்னால் இயலாது. வானம் காலுக்குக் கீழே வந்தது ஒருமுறை என்று நினைக்கிறேன், மகள் இரண்டு முறைக்கு மேல் என்கிறாள். விழும் என்று நினைத்த இடங்களில் எல்லாம் இருக்கையோடு இன்னும் அழுந்தத்தான் செய்தேன். சொம்புத் தண்ணீர் சரிதான், ஐயா.

செல்லூர் அம்மாவுக்கு ஒரு செய்தி. இறங்கியதும் மனைவி எலுமிச்சம்பழத்தைக் கேட்கவில்லை. முன்வரிசைக்குத் தனியாக வரிசை நிற்கிறதா என்று கேட்டார். அவரும் மகளும் அதில் போய் நின்றார்கள். எனக்குக் கால்கள் இன்னும் என் வசம் வராததால், மூன்று பைகளையும், இரண்டு ஜோடித் தோடுகளையும், மூக்குக்கண்ணாடியையும் மடியில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தேன்.